மூணு ஸ்டார் வாங்குற குழந்தைக்கு கழித்தல் தெரியுமா?

நான் படிச்சது கணக்கு, இப்போ பொழப்பு நடத்துறது சின்னப் பசங்களுக்கான கணக்கு ஆப் செஞ்சு. அதனால இந்தக் கட்டுரை என் பொழப்புல நானே மண்ணள்ளிப் போடுற மாதிரி கூட இருக்கலாம், பரவாயில்ல.

ஒரு அம்மா பொண்ண கூட்டிட்டு வந்தாங்க. "சார், உங்க ஆப்ல கழித்தல் லெவல் பூரா முடிச்சிட்டா, எல்லாத்துலயும் மூணு ஸ்டார், ஆனா கிளாஸ் டெஸ்ட்ல பாதி தப்பு, கவனமே இல்ல சார் இவளுக்கு"ன்னாங்க. ஒரு பேப்பர்ல 52 − 38 எழுதிக் குடுத்தேன். டக்குனு 26ன்னு போட்டா. எப்படிம்மா போட்டன்னு கேட்டா, எட்டுல ரெண்டு போனா ஆறு, அஞ்சுல மூணு போனா ரெண்டு. அடுத்து 58 − 32 குடுத்தேன், அதுக்கும் 26, இந்த தடவை அது சரி. அவளப் பொறுத்தவரைக்கும் ரெண்டும் ஒரே கணக்கு, ஒரே வழி, ஒரே விடை, ஒண்ணுக்கு டிக் விழுது இன்னொண்ணுக்கு விழல, ஏன்னு மட்டும் யாரும் சொல்லல.

இதுல கவனக்குறைவு எங்க இருக்கு? "பெருசுல இருந்துதான் சின்னத கழிக்கணும்"னு யாரோ எப்பவோ சொல்லிக் குடுத்தத அவ அச்சுப் பிசகாம ஃபாலோ பண்றா. 1978லயே ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன்னு ரெண்டு பேர் இத அலசி எழுதியிருக்காங்க, பசங்களோட கழித்தல் தப்புல நிறைய கண்டபடி வர்றது இல்ல, கம்ப்யூட்டர் புரோகிராம்ல பக் (எழுதுனதுலயே இருக்குற தப்பு) இருக்குற மாதிரி ஒரே தப்பு விதி ஒழுங்கா ஓடிட்டே இருக்கும்னு. அந்த தப்பு விதிய திருத்தாம இன்னும் நூறு கணக்கு குடுத்தா அந்த பக்குக்குத்தான் நல்லா பிராக்டிஸ் ஆகும்.

சரி, அப்போ அவளுக்கு மூணு ஸ்டார் எப்படி வந்துச்சு? இங்கதான் எனக்கு வெக்கம். எங்க ஆப்ல தொடர்ந்து மூணு சரியா போட்டா லெவல் முடிஞ்சதா எடுத்துக்குவோம், விடைக்கு நாலு ஆப்ஷன். கண்ண மூடிட்டு தட்டுனா சராசரியா 84 தட்டு ஆகும் மூணு தொடர்ந்து விழ, அது கஷ்டம்தான். ஆனா குழந்தை அப்படித் தட்டாது, பார்த்தாலே ஒத்து வராத ரெண்டு ஆப்ஷன ஒதுக்கிடும், மிச்சம் ரெண்டு. அப்போ காசு சுண்டி மூணு தலை தொடர்ந்து விழுற கணக்கு, சராசரி வெறும் 14 தட்டு. ஒரு நிமிஷம் கூட ஆகாது. பிராபபிலிட்டி படிச்சவன் நான், லெவல் டிசைன் பண்றப்போ இத போட்டுப் பாக்கவே தோணல. ஹின்ட் பட்டன் கதை தனி, அத நாலு தடவை அமுக்குனா கடைசில விடையே வந்துரும், இத எல்லா குழந்தையும் ரெண்டாவது நாளே கண்டுபிடிச்சிருது!

இது ஆப் வந்ததால வந்த வியாதியும் இல்ல. 1973ல எர்ல்வாங்கர்னு ஒரு ஆய்வாளர் அமெரிக்காவுல ஆறாவது படிக்கிற பென்னி (நிஜப் பேர் இல்ல) கிட்ட உக்காந்து பேசி எழுதினத நான் எங்க டீம்ல புதுசா சேர்ற எல்லாருக்கும் படிக்கக் குடுப்பேன். கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது, அவனவன் வேகத்துல பேப்பர்ல படிச்சு, டெஸ்ட் எழுதி, ஆன்சர் கீ வச்சு திருத்தி, பாஸானா அடுத்ததுக்கு போற சிஸ்டம். கிளாஸ்ல நல்லா போறவன்னு பேரு வாங்குனவன். அவன் பின்னத்த தசமமா எப்படி மாத்துனான்னா மேல இருக்குறதையும் கீழ இருக்குறதையும் கூட்டி நடுவுல புள்ளி வச்சிருக்கான், 2/10 அவனுக்கு 1.2, அப்புறம் 4/11 ஆனாலும் 11/4 ஆனாலும் 1.5. சரியான விடைன்னா ஆன்சர் கீல எது இருக்கோ அது, அவ்வளவுதான்னு நினைச்சிருக்கான். அம்பது வருஷம் கழிச்சு நாங்க அதே சிஸ்டத்துக்கு கலரும் மியூசிக்கும் போட்டு வித்துட்டு இருக்கோம்.

தசமத்துல இன்னொரு கூத்து. 0.4, 0.75 இதுல எது பெருசுன்னு கேட்டா 0.75ம்பாங்க, டிக். 0.4, 0.35 கேட்டுப் பாருங்க, நிறைய பேர் 0.35ம்பாங்க, ஏன்னா 35 பெருசு. வீட்ல நாமளே "பாயின்ட் முப்பத்தஞ்சு"ன்னுதான வாசிக்கிறோம், "பாயின்ட் மூணு அஞ்சு"ன்னு வாசிச்சா பாதி குழப்பம் குறையும். முதல் மாதிரி கணக்கா பத்து போட்டா தப்பா புரிஞ்சவனும் பத்துக்குப் பத்து. தப்பான வழில போனா தப்பான விடைதான் வரணும், அப்படிப்பட்ட கணக்கா பொறுக்கி வைக்கணும், ஆப் செய்யுறவங்க வேலைல கஷ்டமானதே இதுதான், பொம்மையும் மியூசிக்கும் யார் வேணா வைக்கலாம்.

நாங்க ஆப்ஷன தூக்கிட்டு விடைய எழுத வச்சோம். உடனே ஸ்டார் குறைஞ்சது, பசங்க ஆப்ல இருக்குற நேரமும் குறைஞ்சது, முன்னாடி நல்லா இருந்துச்சேன்னு பேரன்ட்ஸ் கிட்ட இருந்து மெயில். பணம் போட்டவங்க மீட்டிங்ல அந்த கிராஃப காட்டுனப்போ எனக்கு தொண்டை வறண்டு போச்சு.

ஆப்ப டெலீட் பண்ணுங்கன்னு சொல்ல வரல. 2015ல சிகாகோ பல்கலைக்கழகத்துக்காரங்க, பெத்தவங்களும் குழந்தையும் சேர்ந்து உக்காந்து சின்னதா ஒரு கணக்குக் கதைய படிச்சுப் பேசுற ஆப் ஒண்ண ஆராய்ச்சி பண்ணாங்க, கணக்குன்னாலே பயப்படுற பெத்தவங்களோட பசங்களுக்குத்தான் அதுல நல்ல முன்னேற்றம். அங்க கூட உக்காந்து பேச ஒரு ஆள் இருக்கு, டேப்லெட்ட கைல குடுத்துட்டு நாம வேற ரூமுக்குப் போற கதை வேற.

இன்னிக்கு ராத்திரி ஒண்ணு செய்ங்க. பேப்பர்ல 8 + 4 = □ + 5 எழுதி குழந்தைகிட்ட குடுங்க. 12னு வந்தா, அதுக்கு சமக்குறின்னா "விடைய இங்க எழுது"ன்னு அர்த்தம். 17னு வந்தா கண்ணுல பட்ட எல்லாத்தையும் கூட்டியிருக்கு. 1557ல ராபர்ட் ரெக்கார்டுன்னு ஒரு கணக்கு அறிஞர் இந்த சமக்குறிய முதல்ல போட்டப்போ, ரெண்டு இணைகோட்ட விட சமமா வேற எதுவும் இருக்க முடியாதுன்னுதான் போட்டாரு, அந்த ரெண்டு பக்கமும் சமம்ங்கிறது நம்ம கால்குலேட்டர் பட்டன்ல காணாமப் போயிருச்சு. திட்டாதீங்க, சும்மா எப்படி போட்டன்னு கேளுங்க. 7னு சரியா வந்தாலும் கேளுங்க. ஒரு பையன் என்கிட்ட "நான் கூட்டவே இல்ல அங்கிள், நாலுக்கு அஞ்சு ஒண்ணு ஜாஸ்தில்ல, அப்போ எட்டுல ஒண்ணு கம்மி"ன்னான். அதுக்கு குடுக்க எங்க ஆப்ல ஒரு ஸ்டாரும் இல்ல.