நூறு லிட்டர் வெந்நீர்: டிரெய்லரோடு மலையிறங்கும் கணக்கு

அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே ஏறத்தாழ 95 கிலோமீட்டர் போனால் ஐசனோவர் சுரங்கப்பாதை வரும். 1973இல் திறந்தது. உயரம் 3,400 மீட்டர். ஊட்டியைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல். மேற்கு வாயிலைத் தாண்டியதும் சாலை சில்வர்த்தார்ன் ஊரை நோக்கிச் சரிகிறது: சுமார் 13 கிலோமீட்டரில் 720 மீட்டர் இறக்கம், செங்குத்தான இடங்களில் 7 சதவீதச் சரிவு. பிரேக் போன லாரிகளை மணலிலும் சரளையிலும் புதைத்து நிறுத்தும் ஓரப்பாதைகள் இந்த ஒரு இறக்கத்திலேயே இரண்டு இருக்கின்றன.

கோடை விடுமுறையில் இந்த வழியாக நடுத்தர பிக்கப்புகள் டிராவல் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வரிசையாகப் போகும். டொயோட்டா டகோமா, ஃபோர்டு ரேஞ்சர், செவ்ரலே கொலராடோ போன்ற வண்டிகள் இவை. நம் ஊரில் ஓடும் ஹைலக்ஸ், வி-கிராஸ் அளவுதான் இருக்கும். பின்னால் வருவதோ கட்டில், அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த ஒரு சிறு வீடு. ஆள், சாமானோடு பிக்கப் 2,600 கிலோ, டிரெய்லர் 2,100 கிலோ, ஆக மொத்தம் 4,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

720 மீட்டர் உயரத்தில் நிற்கும் 4,700 கிலோவிடம் 33 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க இது போதும். அடிவாரத்தில் வண்டி நிற்கும்போது இந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகிப் போயிருக்க வேண்டும். எந்தப் பாகத்தின் வழியாகப் போகிறது என்பதுதான் கேள்வி.

மணிக்கு 70 கிலோமீட்டரில் இறங்கினால் எதிர்க்காற்றும் டயர் உராய்வும் சேர்ந்து 18 மெகாஜூலைத் தின்றுவிடும். அந்த டிரெய்லரின் தட்டையான நெற்றி இங்கேதான் உதவுகிறது. மீதி 15 மெகாஜூல். அதை முழுக்கப் பிக்கப்பின் பிரேக் தலையில் கட்டினால் என்ன ஆகும்? நான்கு சக்கர பிரேக்குகளிலும் சேர்த்துச் சுமார் 40 கிலோ இரும்பு. இடையில் கொஞ்சமும் ஆறாமல் இருந்தால் அதன் சூடு 800 டிகிரி ஏறும். ஓடும்போது காற்றுப் பட்டு ஆறத்தான் செய்யும். ஆனாலும் ஆபத்து தொடங்க 800 தேவையில்லை. பிரேக் பேடிலிருந்து வாயு கிளம்பிப் பிடிமானம் குறையும். டாட்-3 என்ற தரத்தைச் சேர்ந்த பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்குத் தர விதி கேட்கும் எல்லை வெறும் 140 டிகிரி. ஆயில் கொதித்து ஆவிக்குமிழி வந்துவிட்டால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. மலைப் பயணத்துக்குமுன் பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு மேலான ஆயிலோடு இந்த இறக்கத்தில் இறங்குவது சூதாட்டம்.

ஆகவே அந்த 15 மெகாஜூலை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் நின்றுவிடும், காற்றை உள்ளே விடும் கதவான த்ராட்டில் மூடிக்கொள்ளும். அதன்பின் எஞ்சின் ஒரு பம்பு மாதிரி: பிஸ்டன்கள் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்கின்றன, உள்ளே இருக்கும் உராய்வு வேறு. 13 கிலோமீட்டரை 11 நிமிடத்தில் இறங்கினால் சராசரியாக 22 கிலோவாட்டை இழுத்துப் பிடிக்க வேண்டும். 3.5 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுழற்சியில் ஏறத்தாழ அவ்வளவு பிடிக்கும். 2,000 சுழற்சியில் அதில் பாதிகூடத் தேறாது. எஞ்சின் அலறுகிறதே என்று பயந்து மேல் கியருக்கு மாற்றுகிறவர்கள் அந்த வேலையைப் பிரேக்கிடம் தள்ளுகிறார்கள். சுழற்சி காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அந்தச் சத்தத்தால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது.

"ஏறின கியரிலேயே இறங்கு" என்பது நம் மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய விதி. அது எந்த எஞ்சினுக்குப் பொருந்தும் என்று பார்க்க ஏற்றத்தின் கணக்கையும் போட வேண்டும்.

சில்வர்த்தார்னிலிருந்து திரும்பி மேலே ஏறுவோம். 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போக, எடையைத் தூக்க மட்டும் 69 கிலோவாட் வேண்டும். காற்றைக் கிழிக்க 34, டயர் உராய்வுக்கு 15. கியர்ப் பெட்டியிலும் அச்சிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் எஞ்சின் 139 கிலோவாட் தர வேண்டும். 2016 முதல் 2023 வரை வந்த டகோமாவின் 3.5 லிட்டர் வி6 எஞ்சினுக்குக் கடல் மட்டத்தில் 278 குதிரைத்திறன், அதாவது 207 கிலோவாட். தாராளம் என்று தோன்றும். ஆனால் 3,400 மீட்டரில் காற்றின் அடர்த்தி 29 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அதே அளவு மூச்சுத் திணறும். உச்சம் 147க்கு இறங்கிவிடும். அந்த உச்சமும் 6,000 சுழற்சியில்தான். 90இல் இரண்டாம் கியர் 5,000 சுழற்சிதான் தரும், அங்கே கிடைக்கும் திறன் 130ஐ ஒட்டி இருக்கும். வண்டி 90ஐப் பிடிக்காது. எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது.

வேகத்தை 70ஆகக் குறைத்தால் தேவை 96 கிலோவாட்டுக்கு வந்துவிடும். இரண்டாம் கியர், 3,900 சுழற்சி. எஞ்சினால் அது ஒருவழியாக முடியும். இறங்கும்போது 70இல் நமக்கு வேண்டியிருந்ததும் இதே இரண்டாம் கியர், இதே சுழற்சி. பழைய விதி இந்த வண்டிக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது.

டர்போ வண்டிகளில் விதி உடைகிறது. ரேஞ்சரின் 2.3 லிட்டர், 2024 டகோமாவின் 2.4 லிட்டர், கொலராடோவின் 2.7 லிட்டர் எஞ்சின்கள் மெல்லிய காற்றை அமுக்கி உள்ளே அனுப்புகின்றன. உயரம் அவற்றை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை இருப்பதால் மேல் கியரில் அலட்டாமல் ஏறிவிடும். ஆனால் இறங்கும்போது டர்போ எதையும் செய்யாது. பிடிப்பது சிலிண்டரின் கொள்ளளவு மட்டுமே. 2.4 லிட்டர் எஞ்சின் அதே சுழற்சியில் 3.5 லிட்டர் பிடிப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் பிடிக்கும். ஏறிய கியரிலேயே இறங்கினால் பிரேக் வெந்துவிடும். ஒன்றிரண்டு கியர் கீழே போக வேண்டும், வேகத்தையும் 55, 60க்குக் கொண்டுவர வேண்டும். ஏற்றத்தில் கெட்டிக்காரனான வண்டி இறக்கத்தில் அப்படி இல்லை. 2022 வரை கொலராடோவில் கிடைத்த 2.8 லிட்டர் டீசல் எஞ்சினுக்குப் புகைக்குழாயை நெரித்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தது. மலைவாசிகள் அந்தப் பழைய டீசலைத் தேடி வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

கியரை இறக்கம் தொடங்குவதற்குமுன்பே மாற்ற வேண்டும். வேகம் ஏறியபின் கீழ் கியர் கேட்டால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழலும் என்று கணினி மறுத்துவிடும். சுமை இழுப்பதற்கென்றே உள்ள டோ-ஹால் பொத்தானை அழுத்தி, கியரைக் கையால் தேர்ந்து, 70 என்று முடிவுசெய்திருந்தால் 70ஐத் தொட்டதும் பிரேக்கை உறுதியாக மிதித்து 60க்குக் கொண்டுவந்து முழுக்க விட்டுவிட வேண்டும். மறுபடி 70 வரும்வரை பிரேக் ஆறும். காலை லேசாக மிதியின் மேலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு வருவதுதான் பிரேக்கைக் கொல்லும் வழக்கம்.

டிரெய்லரின் பிரேக் தனிக் கதை. பெரும்பாலானவற்றில் மின்சார டிரம் பிரேக். ஓட்டுநர் மிதித்ததும் ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள மின்காந்தம் சுழலும் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு இழுபடும். அந்த இழுப்பு ஒரு நெம்புகோலைத் தள்ளி ஷூவை டிரம்மில் அழுத்தும். எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதை டாஷ்போர்டில் உள்ள கண்ட்ரோலரின் கெயின் எண் சொல்கிறது. சமதளத்தில், உலர்ந்த சாலையில், 40 கிலோமீட்டர் வேகத்தில் கண்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் முழுக்க அழுத்திப் பார்க்க வேண்டும். டிரெய்லர் பின்னாலிருந்து பிடித்து இழுப்பது நன்றாகத் தெரிய வேண்டும், சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது. பூட்டினால் எண்ணைக் குறைக்க வேண்டும். டிஸ்க் சூடானால் விரிந்து பேடை நெருங்கும். டிரம் சூடானால் விரிந்து ஷூவைவிட்டு விலகும். அதனால் டிரம் பிரேக் சூட்டில் சீக்கிரம் சோர்ந்துபோகும்.

இனி எடை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இழுவைத் திறன், 2,900 கிலோ, 3,400 கிலோ என்று. அந்த எண் பொய்யல்ல. ஜே2807 என்ற பொறியியல் தரவிதிப்படி, அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில், 38 டிகிரி வெயிலில், ஏசியை முழுக்கப் போட்டு, 18 கிலோமீட்டர் தூரத்துக்கு 64 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏறிக் காட்ட வேண்டும். ஆனால் அந்தச் சோதனையில் வண்டிக்குள் இருப்பதாகக் கணக்கிடப்படுவது தலா 68 கிலோவில் இரண்டே பேர். குடும்பம் இல்லை, குளிர்பெட்டி இல்லை, மிதிவண்டி இல்லை.

முதலில் முட்டுவது வேறு எண். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று. நடுத்தர பிக்கப்பில் அது 500 கிலோ அளவில்தான் இருக்கும். டிரெய்லரின் முன்முனை, அதை மாட்டும் இணைப்பான ஹிட்ச்சின் மேல் அழுத்தும் டங் வெயிட்டும் இந்தக் கணக்கில்தான் வரும். 2,100 கிலோ டிரெய்லருக்கு அது 250 கிலோ. ஹிட்ச் சாமான் 40, இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் 230, பின்தொட்டியில் ஜெனரேட்டரும் குளிர்பெட்டியும் 60. கூட்டினால் 580. இழுவைத் திறனில் முக்கால் பங்குகூட ஆகவில்லை, சுமை எல்லையோ 80 கிலோ தாண்டிவிட்டது.

அந்த 250 கிலோ அழுத்தும் இடமும் முக்கியம். பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால். கிணற்றுத் துலாவின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழுவதுபோல், 3.2 மீட்டர் தள்ளியிருக்கும் முன் அச்சிலிருந்து 94 கிலோ எழுந்துவிடும். பின் அச்சில் 344 கிலோ ஏறும். திருப்புவதும் பெரும்பங்கு நிறுத்துவதும் முன்சக்கரங்கள்தான். எடையைப் பகிரும் ஹிட்ச் இதைச் சரிசெய்கிறது: இரண்டு எஃகு விற்கம்பிகள் டிரெய்லர் சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டு, பிக்கப்பின் பின்பக்கத்தை மேலே நெம்பி, முன்பக்கத்துக்கு எடையைத் திருப்பி அனுப்பும். சரியாகப் பொருத்தியிருக்கிறதா என்று பார்க்க ஒரு அளவு நாடா போதும். முன்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உயரத்தை டிரெய்லர் மாட்டுமுன் ஒருமுறை, மாட்டியபின் ஒருமுறை, கம்பியை இறுக்கியபின் ஒருமுறை அளக்க வேண்டும். எழுந்த உயரத்தில் எத்தனை பங்கு திரும்ப இறங்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்; பாதி என்பது பரவலான அளவு. சில வண்டிகளின் கையேடு இந்த ஹிட்ச்சே வேண்டாம் என்கிறது. அதைப் படித்தபின் வாங்குவது நல்லது.

பாரம் அதிகம் என்று டங் வெயிட்டைக் குறைக்க நினைப்பது அதைவிட மோசம். அது டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் இருக்கிறது, அச்சிலிருந்து ஹிட்ச் வரை 4.5 மீட்டர் என்றால், 150 லிட்டர் நிரப்பியதும் டங் வெயிட்டில் 50 கிலோ காணாமல்போகும். 12 சதவீதமாக இருந்தது 9க்கு வந்துவிடும். வீட்டிலிருந்து மலைவரை ஒழுங்காக வந்த டிரெய்லர், முகாமில் தண்ணீர் பிடித்ததும் இறக்கத்தில் ஆடுவது இப்படித்தான். ஆட ஆரம்பித்தால் பிக்கப்பின் பிரேக்கை மிதிக்கக் கூடாது, பின்னால் வருவது இன்னும் முட்டித் தள்ளும். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கண்ட்ரோலரின் கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் போட வேண்டும்.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. கொலராடோ மாநிலத்தில் சாதாரண பெட்ரோல் 85 ஆக்டேன் (அமுக்கும்போது தானாக வெடித்து எஞ்சின் தட்டாமல் தாங்கும் அளவு). மெல்லிய காற்றில் சிலிண்டர் அழுத்தம் குறைவதால் பழைய எஞ்சின்கள் அதில் தட்டாமல் ஓடின. டர்போ அந்த அழுத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது. சுமை இழுக்கும்போது அதற்குக் கையேடு சொல்லும் ஆக்டேனைத்தான் ஊற்ற வேண்டும்.

ஏற்றத்தில் கியர்ப் பெட்டி இரண்டு கியர்களுக்கிடையே மாறி மாறித் தவித்தால் கீழ் கியரிலேயே பூட்டிவிட வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும், எஞ்சினை ஆயில் வழியாகக் கியர்ப் பெட்டியோடு இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கி ஆயிலைச் சூடாக்கும். ஆயில் 120 டிகிரியைத் தாண்டினால் வேகத்தைக் குறைப்பது, ஏசியை அணைப்பது, அப்புறமும் இறங்காவிட்டால் ஓரங்கட்டி நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு ஆற்றுவது என்பதுதான் வரிசை.

இறக்கம் முடிந்து சில்வர்த்தார்னில் நிறுத்தியதும் ஒரு இன்ஃப்ராரெட் வெப்பமானியால் எல்லாச் சக்கரங்களின் நடுப்பகுதியையும் அளந்து பார்க்கலாம். டிரெய்லரின் நான்கும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருந்தால் சரி. ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் பேரிங்கோ, ஒட்டிக்கொண்ட ஷூவோ காரணமாக இருக்கும். ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் அது நல்ல சக்கரம் இல்லை. அதன் மின்காந்தத்துக்குப் பெரும்பாலும் மின்சாரம் போயிருக்காது, அதன் பங்கையும் மற்ற மூன்றும் சுமந்துகொண்டு மலையிறங்கியிருக்கின்றன. காந்தத்துக்குப் போகும் ஒயரின் இணைப்பு விட்டிருக்கும், அல்லது அச்சுக் குழாய்க்குள் ஒயர் உராய்ந்து அறுந்திருக்கும். முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.