ராஜாவுக்கு வந்த ஆபத்தும் வங்கிச் செக்கும்

விடைத்தாளைச் செக் செய்கிறோம். கட்டம் போட்ட சட்டையைச் செக்டு சட்டை என்கிறோம். வங்கியில் செக் போடுகிறோம். செக்போஸ்டில் வண்டியை நிறுத்துகிறோம். சதுரங்கத்தில் எதிராளியின் ராஜாவுக்குச் செக் வைக்கிறோம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத் தெரியும் இந்த ஐந்தும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். (எண்ணெய் ஆட்டும் நம் செக்கு மட்டும் இதில் சேராது. அது தற்செயலாக வாய்த்த ஒலி ஒற்றுமை.)

ஐந்துக்கும் மூலம் பாரசீகத்தின் ‘ஷா’, அதாவது ராஜா. இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய், அங்கிருந்து அரேபியர் வழியாக ஐரோப்பாவைச் சேர்ந்தது. எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது “ஷா!” என்று குரல் கொடுத்து எச்சரிப்பது ஆட்டத்தின் மரபு. லத்தீனுக்குள் நுழைந்தபோது ‘ஷா’வின் கடைசியில் ஒலிக்கும் ‘ஹ்’ என்ற மூச்சொலி ‘க்’ ஆக இறுகியது. பழைய பிரெஞ்சில் அது ‘எஸ்செக்’ ஆனது. ஆங்கிலம் முன்னால் இருந்த ‘எஸ்’ஸை உதறிவிட்டு ‘செக்’ என்று வைத்துக்கொண்டது. ‘செஸ்’ என்பதும் வேறு சொல் அல்ல, அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மை. செக்மேட் என்பது ‘ஷா மாத்’: ராஜா வழியற்றுப்போனார் என்று பொருள். ரஷ்யர்களோ ஆட்டத்துக்கே ‘ஷாஹ்மதி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சரி, ராஜா எப்படிச் சோதனை ஆனார்?

செக் என்று கேட்டவுடன் எதிராளி தான் போட்டிருந்த திட்டத்தை எல்லாம் அப்படியே விட்டுவிட்டு ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். அதனால் ‘செக்’ என்றால் திடீர்த் தடை என்ற பொருள் வந்தது. தடை பிறகு கட்டுப்பாடு ஆனது. கணக்கைக் கட்டுப்பாட்டில் வைப்பது என்றால் வேறொரு பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே? அப்படித்தான் 17ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ‘சரிபார்ப்பது’ என்ற பொருள் தலைகாட்டியது. செக்போஸ்டில் நிற்பவர் வண்டியைத் தடுக்கிறாரா, சரிபார்க்கிறாரா? இரண்டும்தான். இப்படி இரண்டு பொருளுக்கும் இடம் தரும் சூழல்களில்தான் சொல் ஒரு பொருளிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. சொல்பவர் ஒன்றை நினைத்துச் சொல்கிறார், கேட்பவர் பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்கிறார்.

இன்னொரு கிளை பலகையிலிருந்து புறப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சதுரங்கப் பலகைக்கு நார்மானியப் பிரெஞ்சில் ‘எஸ்செக்கர்’ என்று பெயர். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசனின் வரவுசெலவைத் தணிக்கை செய்த மேசைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த மேசை எப்படி இருந்தது என்பதை அரசனின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் பிற்பகுதியில் எழுதிவைத்திருக்கிறார். சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம். மேலே வைப்பது உருண்டு விழாமல் இருக்கச் சுற்றிலும் நான்கு விரற்கடை உயரத்துக்கு விளிம்பு. அதன்மேல் ஒரு கறுப்புத் துணி. துணியில் ஒரு அடி அல்லது விரித்த கையளவு இடைவெளியில் கோடுகள்.

கோடுகளுக்கு இடையிலான பத்திகளில் பென்னி, ஷில்லிங், பவுண்டு, அப்புறம் இருபது, நூறு, ஆயிரம் பவுண்டுகள் என்று தனித்தனி இடம். நாணயங்களைக் காய்களாக அடுக்குவார்கள். பென்னிப் பத்தியில் 12 சேர்ந்தால் அவற்றை எடுத்துவிட்டு ஷில்லிங்கில் ஒன்று வைக்க வேண்டும். ஷில்லிங்கில் 20 சேர்ந்தால் பவுண்டில் ஒன்று. ரோமன் எண்களை வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். மாவட்ட அதிகாரியான ஷெரிஃப் கட்ட வேண்டிய தொகை மேல்வரிசையில், கட்டியது கீழ்வரிசையில். எழுத்து தெரியாதவரும் பார்த்த மாத்திரத்தில் பாக்கி எவ்வளவு என்று புரிந்துகொள்ளலாம். சதுரங்கத்தில் இரண்டு ராஜாக்கள் மோதுவதுபோல இங்கே பொருளாளரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள் என்று ஃபிட்ஸ்நீல் பெயருக்கு விளக்கமும் சொல்கிறார்.

மேசையின் பெயர் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கும், பிறகு அந்தத் துறைக்கும் ஆகிவந்தது. நம் இலக்கணத்தில் இதற்கு ஆகுபெயர் என்று பெயர். சுவருக்கு வெள்ளை அடித்தேன் என்னும்போது நிறத்தின் பெயர் சுண்ணாம்புக்கு ஆகிவருகிறது அல்லவா, அதே வேலைதான். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’. பிரெஞ்சில் இருந்த ‘எஸ்’ஸை லத்தீன் ‘எக்ஸ்’ என்று தவறாக நினைத்தவர்கள் நடுவில் ஓர் ‘எக்ஸ்’ எழுத்தைச் செருகிவிட்டார்கள். கட்டம் போட்ட துணிக்குச் செக் என்று பெயர் வந்ததும் அதே பலகையால்தான்.

ஆனால் ஒலி ஒன்றாக இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது. செக்மேட்டில் உள்ள ‘மேட்’ வேறு, கிளாஸ்மேட்டில் உள்ள ‘மேட்’ வேறு. பின்னது ஒன்றாகச் சாப்பிடுகிறவன் என்ற பொருளில் ஜெர்மானிய மொழியிலிருந்து வந்தது. அகராதிகள் இவற்றை இரண்டு தனிச் சொற்களாகப் பிரித்து வைக்கும். நிலா, மாதம், கிழமை என்று மூன்று பொருள் இருந்தாலும் ‘திங்கள்’ ஒரே சொல். பாறையைக் குறிக்கும் ‘கல்’லும் கற்றுக்கொள் என்று சொல்லும் ‘கல்’லும் அப்படியல்ல.

வங்கிச் செக் கடைசியில் வந்தது. மோசடியைத் தடுக்கவும் சரிபார்க்கவும் பத்திரத்தின் இணைத்துண்டைக் கையில் வைத்துக்கொள்வார்கள். 18ஆம் நூற்றாண்டில் அந்தத் துண்டுக்குச் செக் என்று பெயர். அது மெல்லப் பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டுக்கே பெயராயிற்று. எக்ஸ்செக்கர் நினைவிலோ என்னவோ, பிரிட்டனில் அதன் எழுத்துக்கூட்டலை மாற்றி எழுதப் பழகினார்கள். அமெரிக்கர்கள் மாற்றவில்லை. தமிழில் எழுதும்போது இந்தத் தொல்லையே கிடையாது. சட்டையில் இருப்பதும் செக், சட்டைப்பையில் இருப்பதும் செக்.