ஒரு புள்ளியின் விலை

கணினி ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக நின்று ஆடும் விளையாட்டு) விளையாடுகிறவர்கள் அனைவரும் அறிந்த ஒரு தயக்கம் உண்டு. வீழ்த்திய எதிரியின் அருகே ஒரு கேடயம் கிடக்கிறது; கையில் இருக்கும் கேடயத்தைவிட அதன் தற்காப்பு எண் ஒன்று கூடுதல். ஆனால் அதை எடுத்துக்கொண்டால் பழைய கேடயம் தந்துகொண்டிருந்த வேறொரு சிறு பயனை இழக்க வேண்டும். அந்த ஒரு புள்ளியின் மதிப்பு என்ன? கேடயத்தை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. அந்த எண் எந்தச் சூத்திரத்துக்குள் போய் விழுகிறது, அங்கே ஏற்கெனவே எத்தனை புள்ளிகள் குவிந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து அதே புள்ளி அற்பமாகவும் இருக்கலாம், ஆட்டத்தையே புரட்டிப் போடுவதாகவும் இருக்கலாம். சமநிலை, பில்ட் (கதாபாத்திரத்தின் திறன்களையும் கருவிகளையும் தேர்ந்து அமைப்பது), லூட் (வீழ்த்திய எதிரியிடமிருந்து கிடைக்கும் பொருள்) என்று ஆட்டக்காரர்கள் ஓயாமல் விவாதிக்கும் மூன்றும் இந்த ஒரே கேள்விக்குள் அடங்குபவைதாம்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டிலிருந்தே இந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை கிளைத்தன. அதன் இன்றைய வடிவத்தில் விதி எளியது: இருபது பக்கப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு தாக்குபவரின் கூடுதல் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும், கூட்டுத்தொகை எதிராளியின் கவச எண்ணை எட்டினால் அடி விழும். பகடையில் இருபது பக்கங்கள் இருப்பதால் ஒவ்வொரு கவசப் புள்ளியும் எதிரியின் வாய்ப்பில் சரியாக 5 சதவீதத்தைக் குறைக்கிறது. எனவே எல்லாப் புள்ளிகளும் சமம் என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

தாக்கும் எதிரிக்குக் கூடுதல் 5 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கவசம் 15 என்றால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 55 சதவீதம். கவசம் 16 ஆனால் 50 சதவீதம். அதாவது நூறு தாக்குதல்களில் 55 அடி வாங்கியவர் இனி 50 அடி வாங்குவார். வாங்கும் அடியில் பதினொன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. இப்போது கவசம் 24லிருந்து 25க்குப் போவதைப் பார்ப்போம். 24இல் பகடையின் 19, 20 ஆகிய இரு பக்கங்கள் மட்டுமே எதிரிக்கு உதவும், 25இல் 20 மட்டும். வாய்ப்பு 10 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்குகிறது. வாங்கும் அடிகளின் எண்ணிக்கை பாதியாகிறது. அந்த எஞ்சிய ஒரு அடியும் கிரிட்டிக்கலாகவே, அதாவது வழக்கத்தைவிடப் பலத்த அடியாகவே, விழும் என்பது வேறு கதை. அதற்கு மேல் 26ஆவது புள்ளியைச் சேர்த்தால் பயன் சுழியம், ஏனெனில் 20 விழுந்தால் கவசம் எதுவாயினும் அடி உறுதி. ஒரே ஏணியின் கீழ்ப்படி மலிவு, மேற்படி பொன், அதற்கடுத்த படி காற்று.

கவசத்தை அரைகுறையாகச் சேர்ப்பதைவிட உச்சிவரை குவிப்பதே லாபம் என்று அனுபவசாலிகள் கண்டுகொண்டது இதனால்தான். விளையாட்டை வடிவமைப்பவர்களுக்கோ இது தலைவலி. உச்சிக் கவசம் அணிந்த வீரரை அச்சுறுத்தும் அளவுக்கு எதிரியின் கூடுதல் புள்ளியை உயர்த்தினால், அங்கி மட்டும் அணிந்து பின்வரிசையில் நிற்கும் மந்திரவாதி தப்பவே முடியாது. மந்திரவாதிக்கு ஏற்ப இறக்கினால் வீரரை ஒருவராலும் தொட முடியாது. 2014இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு எண்களின் ஓட்டத்துக்கே கடிவாளம் போட்டது. பயிற்சியால் வரும் கூடுதல் புள்ளி முதல் நிலையில் 2. பதினேழாம் நிலையை எட்டினாலும் 6தான். அந்த விதிகளின்மேல் கட்டப்பட்டு 2023இல் வெளியான பால்டர்ஸ் கேட் 3 பன்னிரண்டாம் நிலையோடு நின்றுவிடுவதால் அங்கே 4ஐத் தாண்டுவதில்லை. எண்கள் சிறியவையாக இருப்பதை வளர்ச்சி போதவில்லை என்று குறைகூறுவோர் உண்டு. வீரரையும் மந்திரவாதியையும் ஒரே சண்டையில் நிறுத்துவதற்கு அந்தக் கஞ்சத்தனம் தேவை என்பதே என் கருத்து.

பகடையைக் கைவிட்டு வகுத்தலால் கவசத்தைக் கணக்கிடும் மரபும் உண்டு. 2002இல் வந்த வார்கிராஃப்ட் 3 முழுமையான ஆர்பிஜி அன்று; ஆயினும் நிலை உயரும் நாயகர்களும் அவர்கள் சுமக்கும் பொருள்களும் அதில் உண்டு, அதன் கவசச் சூத்திரமும் புகழ்பெற்றது. கவசப் புள்ளியை 0.06ஆல் பெருக்கி, வந்த எண்ணை அதனோடு ஒன்றைக் கூட்டிய எண்ணால் வகுத்தால், அடியில் எவ்வளவு தடுக்கப்படும் என்பது கிடைக்கும். 10 புள்ளிகள் 37.5 சதவீதத்தைத் தடுக்கும், 20 புள்ளிகள் சுமார் 54.5, 30 புள்ளிகள் சுமார் 64.3. மூன்றாவது பத்து முதல் பத்தின் கால்பங்கு அளவே தருவதைக் கண்டு, மேலே போகப் போகக் கவசம் வீண் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். ஆனால் 1000 உயிர்ப்புள்ளிகள் (விழும்வரை தாங்கும் அடியின் அளவு) கொண்ட ஒருவரை வீழ்த்த மொத்தம் எவ்வளவு அடி தேவை என்று கேட்டுப் பாருங்கள்: கவசம் 10 என்றால் 1600, 20 என்றால் 2200, 30 என்றால் 2800. ஒவ்வொரு புள்ளியும் பிசகாமல் 60 உயிர்ப்புள்ளிகளைச் சேர்க்கிறது. தேய்வது திரையில் காட்டப்படும் சதவீதம் மட்டுமே; தாங்கும் ஆற்றல் நேர்கோட்டில் ஏறுகிறது. பகடை முறையில் மேலே செல்லச் செல்ல விலை ஏறியது, இங்கே சமமாக நிற்கிறது.

பில்ட் என்பது இத்தகைய விலை வேறுபாடுகளைப் பார்த்து வாங்கும் கலை. பால்டர்ஸ் கேட் 3இலிருந்தே ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். ஐந்தாம் நிலையில் ஒரு பார்பேரியன், அதாவது ஆவேசமாகப் போரிடும் வீரர். வலிமை 17, கையில் கூடுதல் ஒன்று கொண்ட பெருவாள். தாக்குவதற்கான கூடுதல் வலிமையால் 3, பயிற்சியால் 3, வாளால் 1, ஆக 7. எதிரியின் கவசம் 16 என்றால் 9 விழுந்தால் போதும். வாய்ப்பு 60 சதவீதம். பெருவாள் இரண்டு ஆறுபக்கப் பகடைகளை உருட்டுவதால் சராசரி 7, அதோடு வலிமையின் 3, வாளின் 1 சேர்ந்து ஓர் அடிக்கு 11. வாய்ப்பால் பெருக்கினால் ஒரு வீச்சின் சராசரிப் பலன் 6.6. கிரிட்டிக்கலை இங்கே கணக்கில் எடுக்கவில்லை.

இவர் கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற திறனைக் கற்றிருந்தால் ஒரு பேரம் பேசலாம்: குறி 5 குறையும், அடி 10 கூடும். வாய்ப்பு 35 சதவீதமாக விழுகிறது, அடி 21 ஆக உயர்கிறது, சராசரி 7.35. கொஞ்சம் லாபம்தான். எதிரியின் கவசம் 20 ஆக இருந்தால் நிலைமை தலைகீழ்: பேரம் இல்லாமல் 4.4, பேரத்தோடு 3.15. சரியாகத் தாக்கும் வாய்ப்பு 52.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது மட்டுமே இந்தப் பேரம் இந்த வீரருக்குக் கட்டுப்படியாகும்.

பார்பேரியனுக்கு இன்னொரு வசதி உண்டு. தற்காப்பை மறந்து ஆவேசமாக வீசினால் பகடையை இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். தவறும் வாய்ப்பு தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு சுருங்குவதால், கவசம் 16க்கு எதிரான 60 சதவீதம் 84 ஆகிறது, பேரத்தின் 35 சதவீதம் ஏறத்தாழ 58 ஆகிறது. வெறும் வீச்சின் சராசரி 9.24, பேரத்தோடு வீசினால் 12.1. தனியாகப் பார்த்தபோது பத்தில் ஒரு பங்கே லாபம் தந்த திறன், ஆவேசத்தோடு சேர்ந்ததும் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் தருகிறது. இரண்டு சாதாரணப் பொருள்கள் ஒன்றையொன்று விலையேற்றும் இந்த உறவைத்தான் ஆட்டக்காரர்கள் காம்போ என்கிறார்கள். பதிலுக்கு எதிரிகளும் அவரை இருமுறை உருட்டித் தாக்குவார்கள். அந்தக் கடனை அவருடைய உயிர்ப்புள்ளிகள் அடைக்க வேண்டும்.

கூடுவது எது, பெருகுவது எது என்பதை ஒளிக்காமல் சொல்லிலேயே காட்டிவிடும் விளையாட்டும் உண்டு. நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013இல் வெளியிட்ட பாத் ஆஃப் எக்ஸைலில் இன்கிரீஸ்ட் என்று குறிக்கப்பட்ட சதவீதங்கள் அனைத்தும் முதலில் ஒன்றாகக் கூட்டப்படும்; மோர் என்று குறிக்கப்பட்டவை தனித்தனியே பெருக்கும். ஏற்கெனவே 300 சதவீத இன்கிரீஸ்ட் சேர்த்தவரின் 100 அடி 400 ஆகியிருக்கும். அவருக்கு இன்னும் 40 சதவீத இன்கிரீஸ்ட் கிடைத்தால் அது 440 ஆகும். 40 சதவீத மோர் கிடைத்தால் 560. புதிதாக வருபவர்கள் பெரிய எண்ணைத் தேடுகிறார்கள். தேர்ந்தவர்கள் அந்தச் சொல்லைத் தேடுகிறார்கள்.

பெருக்கல் தன்னையே உண்டு வளரத் தொடங்கினால் சமநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. 2002இல் வந்த மாரோவிண்ட் என்ற ஆர்பிஜியில் கதாபாத்திரத்தின் அறிவு எண் உயர உயர, காய்ச்சும் மருந்தின் வீரியமும் உயரும்; காய்ச்சக்கூடிய மருந்துகளில் அறிவை உயர்த்தும் மருந்தும் ஒன்று. குடித்துவிட்டுக் காய்ச்சி, காய்ச்சியதைக் குடித்து மறுபடியும் காய்ச்சினால் சில சுற்றுகளில் எண்கள் கட்டுக்கடங்காமல் போய்விடும். தனியாக விளையாடும் ஆட்டம் என்பதால் யாருக்கும் நட்டமில்லை. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியே அந்த விளையாட்டின் சிறந்த லூட் என்றுகூடச் சொல்லலாம்.

சண்டையில் ஆள் கணக்கு இன்னொரு வகைப் பெருக்கல். நான்கு எதிரிகள், ஒவ்வொருவருக்கும் 30 உயிர்ப்புள்ளிகள், சுற்றுக்கு ஒருவர் 5 அடி கொடுப்பார். உங்கள் குழு முதலில் தாக்குகிறது. சுற்றுக்கு 30 அடி கொடுக்கும். ஒருவர்மீது மட்டும் குவித்தால் சுற்றுக்கு ஒருவர் விழுவார். பதிலடி கொடுக்க முறையே மூவர், இருவர், ஒருவரே இருப்பர், ஆக நீங்கள் வாங்குவது 30 அடி. அதே 30ஐ நால்வருக்கும் பகிர்ந்தால் நான்காம் சுற்றில்தான் எல்லோரும் ஒன்றாக விழுவார்கள். அதற்குள் மூன்று சுற்றுகளில் நால்வரும் அடித்து 60 அடி வாங்கியிருப்பீர்கள். ஆயுதம் மாறவில்லை, நிலை உயரவில்லை, செலவு இருமடங்கு. எதிரியை ஒரு சுற்று உறங்க வைக்கும் எளிய மந்திரம் பல சமயம் தீயுருண்டை வீசும் மந்திரத்தைவிட மதிப்புள்ளதாவது இதனால்தான்.

இனி லூட். 2000இல் வந்த டயாப்லோ 2இல் ஓர் அரக்கன் விழுந்ததும் விளையாட்டு முதலில் ஓர் அட்டவணையில் சீட்டு எடுக்கிறது. அந்தச் சீட்டு வேறோர் அட்டவணையைக் காட்டலாம், அது இன்னொன்றைக் காட்டலாம், ஒன்றுமில்லை என்றும் வரலாம். பொருளின் வகை முடிவானபின் அதன் தரம், அரியதிலிருந்து சாதாரணத்தை நோக்கி, உருட்டப்படுகிறது: யுனிக்கா என்று முதல் கேள்வி, இல்லையென்றால் செட்டா, அதுவும் இல்லையென்றால் ரேரா, பிறகு மேஜிக்கா. யுனிக் என்று விடை வந்தும் அந்த வகையில் அப்படியொரு பொருள் இல்லாவிட்டால், மும்மடங்கு நாள் உழைக்கும் ஒரு ரேர் பொருளைக் கொடுத்து விளையாட்டு சமாதானம் செய்கிறது.

இந்த வாய்ப்பை உயர்த்துவது மேஜிக் ஃபைண்ட் என்ற எண். யுனிக், செட், ரேர் பொருள்களுக்கு அது முழுமையாக வேலை செய்யாது. யுனிக் என்றால் அந்த எண்ணை 250ஆல் பெருக்கி, மேஜிக் ஃபைண்டோடு 250 கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். வார்கிராஃப்டின் கவசக் கோடும் இதே உருவம்தான். ஆனால் அங்கே அது வாங்கும் அடியைக் குறைத்ததால் பயன் நேர்கோடானது; இங்கே பெறும் லாபத்தின் மீதே விழுவதால் உண்மையாகவே தேய்கிறது. 300 மேஜிக் ஃபைண்ட் 136 சதவீதத்துக்குச் சமம், 600 என்றால் ஏறக்குறைய 176. அதாவது வாய்ப்பு 2.36 மடங்கிலிருந்து 2.76 மடங்காகிறது. அந்த 300 புள்ளிகளுக்காகத் தாக்கும் உடைகளைக் கழற்றியதால் மணிக்கு 100 அரக்கர்களைக் கொன்றவர் 85 பேரைத்தான் கொல்ல முடிகிறது என்றால் பெருக்கிப் பாருங்கள்: முன்பு 236, இப்போது 234.6. இத்தனை பாடும் வீண்.

அரிய பொருளுக்காகக் காத்திருப்பவரின் பொறுமையையும் கணக்கு சோதிக்கிறது. 1 சதவீத வாய்ப்புள்ள பொருள் நூறு முறையில் கட்டாயம் கிடைக்கும் என்று மனம் நம்புகிறது. நூறு கொலைக்குப் பிறகும் வெறுங்கையோடு இருப்பவர்கள் நூற்றுக்கு 37 பேர் வரை. 230 கொலைக்குப் பிறகும் பத்தில் ஒருவருக்குக் கிடைத்திருக்காது. தாயம் விழாமல் காய் இறக்க முடியாது உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்த எரிச்சல் புதிதன்று. வார்கிராஃப்ட் 3 இதற்கும் ஒரு வழி செய்தது. அதில் 25 சதவீதம் என்று அறிவிக்கப்பட்ட கிரிட்டிக்கல், முதல் வீச்சில் சுமார் 8.5 சதவீத வாய்ப்போடு தொடங்கி, தவறும் ஒவ்வொரு முறையும் அதே அளவு ஏறிக்கொண்டே போகும். பன்னிரண்டாம் வீச்சில் தவறவே முடியாது. நீண்ட கால சராசரி 25தான். துரதிருஷ்டத்தின் வால் மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது.

புள்ளியின் விலையைப் பணத்திலேயே எழுதிவிடும் துணிச்சலும் ஒரு முறை அரங்கேறியது. 2012இல் வெளியான டயாப்லோ 3இல் கிடைத்த பொருளை விளையாட்டுத் தங்கத்துக்கும் உண்மைப் பணத்துக்கும் விற்கும் ஏலக்கூடம் இருந்தது. பல்லாயிரக்கணக்கானோரின் லூட் ஒரே சந்தையில் குவிந்தபோது, நீங்களே அரக்கனைக் கொன்று பெறும் பொருளைவிடச் சிறந்தது அங்கே மலிவாகக் கிடைத்தது. தனியொருவரின் பகடை உலகத்தின் பகடையோடு போட்டியிட முடியவில்லை. கொன்று பெறுவதே ஆட்டத்தின் சாரம், ஏலக்கூடம் அதை அரித்துவிட்டது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு 2014 மார்ச் 18 அன்று அதை மூடியது. அதற்குச் சில வாரங்கள் முன்பு வந்த புதிய லூட் முறையில், பார்பேரியனாக ஆடுகிறவருக்குப் பெரும்பாலும் வலிமையும், மந்திரவாதியாக ஆடுகிறவருக்கு அறிவும் கொண்ட பொருள்களே விழுந்தன. லெஜண்டரி என்ற மிக அரிய பொருள்களை மற்ற ஆட்டக்காரர்களுக்கு விற்க முடியாது. அது விழுந்தபோது அதே ஆட்டத்தில் கூட நின்று போரிட்டவருக்கு, இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவே.