கண்ணுக்குள் இரண்டு பம்பரங்கள்

ஃபேர் தீவில் அக்டோபர் முதல் வாரம் நான் எடுத்த படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "சைபீரியக் காட்டுக் குருவிக்கு ஸ்காட்லாந்துக் கற்சுவரில் என்ன வேலை? புயல் அடித்துக்கொண்டு வந்ததா? வழி தவறிவிட்டது என்கிறீர்கள். வழி என்று ஒன்று அதற்கு முதலில் எப்படித் தெரிந்தது?" கடைசிக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அபர்தீனில் இரவு கப்பல் ஏறினால் காலையில் ஷெட்லாந்தின் லெர்விக். அங்கிருந்து சிறு விமானத்திலோ, அலைக்கழிக்கும் சிறு படகிலோ ஃபேர் தீவு. ஐந்து கிலோமீட்டர் நீளம், அதில் பாதி அகலம். ஐம்பது அறுபது பேர் வாழும் ஊர். இங்கே ஒரு பறவை ஆய்வகம் தொடங்க வேண்டும் என்று ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் திட்டமிட்டது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைக்கைதியாக இருந்த நாட்களில். 1947இல் தீவையே விலைக்கு வாங்கினார்; 1948இல் ஆய்வகம் பிறந்தது. 2019இல் தீயில் முழுவதும் எரிந்துபோய், மறுபடி எழுப்பப்பட்டிருக்கிறது.

தீவில் மரங்கள் இல்லை என்றே சொல்லலாம். அதனால் காட்டுப் பறவை வந்து இறங்கினால் ஒளிவதற்குக் கற்சுவரின் இடுக்கு, கீரைப் பாத்தி, பாறைப் பிளவு ஆகியவைதான். நான் பார்த்தது மஞ்சள் புருவ இலைக் கதிர்க்குருவி. நம் இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களைவிடவும் இலேசானது: ஐந்து ஆறு கிராம். யூரல் மலைக்கு அப்பால் சைபீரியக் காடுகளில் பிறந்து, குளிர்காலத்தைத் தென்கிழக்கு ஆசியாவில் கழிக்க வேண்டிய பறவை. அதற்கு நேர் எதிராக மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து, மழையில் நனைந்த சுவரில் பூச்சி தேடிக்கொண்டிருந்தது.

காற்றுக்கு இதில் பங்கு உண்டு. ஸ்காண்டினேவியாவின் மேல் உயர் காற்றழுத்தம் நின்று, நம் முன்னோர் கொண்டல் என்று பெயரிட்ட கீழைக்காற்று வடகடலைக் கடந்து வீசும்போதுதான் ஷெட்லாந்துக்காரர்கள் பைனாகுலரோடு ஓடுகிறார்கள். ஆனால் காற்று கடத்துவது கடைசிக் கடலை மட்டுமே. அதற்கு முன் ரஷ்யாவின் அகலத்தை இந்தக் குருவி இரவுக்கு இரவு தானாகவே, மேற்கு நோக்கிக் கடந்திருக்கிறது. அடித்து வரப்பட்ட பறவை அல்ல. ஒரு திசையைப் பிடித்துக்கொண்டு வந்த பறவை.

இந்தத் திசை பிறவியிலேயே வருவது. 1950களில் டச்சு ஆய்வாளர் பெர்டெக், மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவைகள் ஏறத்தாழ 11,000ஐ ஹேக் நகரில் பிடித்து, விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டார். முதிர்ந்தவை நிலைமையைப் புரிந்துகொண்டு, திசையைத் திருத்தி, வழக்கமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. முதல் ஆண்டுக் குஞ்சுகளோ தங்களுக்குள் எழுதப்பட்ட அதே தென்மேற்குத் திசையில் பறந்து ஸ்பெயினில் இறங்கின. ஊர் தெரியாது, திசை மட்டும் தெரியும். கற்றுக்கொடுக்கத் தாய் தந்தை உடன் வராத இலைக் கதிர்க்குருவிக் குஞ்சுக்கும் அதுதான் கைமுதல்.

சரி, திசையை எதைக் கொண்டு அளக்கிறது? சூரியன், நட்சத்திரங்கள், பூமியின் காந்தப்புலம் ஆகிய மூன்றும் பயன்படுகின்றன. மேகம் மூடிய இரவிலும் கைவிடாதது மூன்றாவது. 1960களில் பிராங்பர்ட்டில் வொல்ஃப்காங் வில்ட்ஷ்கோ என்ற ஆய்வாளர், ஐரோப்பிய ராபின் என்ற சிறு வலசைப் பறவைகளைக் கூண்டில் வைத்துச் சுற்றிலும் கம்பிச் சுருள்களால் காந்தப்புலத்தைத் திருப்பினார். வலசைக் காலத்தில் கூண்டுப் பறவையும் இரவில் தூங்காமல், போக வேண்டிய பக்கமாகவே தத்திக்கொண்டிருக்கும். புலம் திரும்பியபோது தத்தும் பக்கமும் திரும்பியது.

இங்கே ஒரு கணம் நம் வீட்டுக்கு வர வேண்டும். "உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு" என்று தலைவைத்துப் படுக்கும் திசையைப் பற்றி நமக்கு ஒரு சொலவடை உண்டு. அண்மைக் காலமாக அதற்கு அறிவியல் சட்டை மாட்டுகிறார்கள்: இரத்தத்தில் இரும்பு இருக்கிறதாம், பூமியின் காந்தம் அதை மூளைக்கு இழுக்கிறதாம். இது தவறு. ஹீமோகுளோபினிலுள்ள இரும்பு, ஆணியின் இரும்பைப்போல் காந்தத்தில் ஒட்டுவதில்லை. மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலம் 1.5 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு); பூமியின் புலத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு. அதற்குள் படுத்து எழுந்தவர்களின் இரத்தம் எந்தப் பக்கமும் இழுபடுவதில்லை. பாட்டியின் சொலவடையைப் பாட்டியின் சொலவடையாகவே வைத்திருப்போம். பொய்யான அறிவியலை அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

ஆனால் அந்தக் கணக்கே பறவைக்கும் பொருந்தும் அல்லவா? பூமியின் புலம் ஓர் எலெக்ட்ரானுக்குத் தரும் ஆற்றல், உடல் வெப்பத்தால் மூலக்கூறுகள் ஓயாமல் இடித்துக்கொள்ளும் ஆற்றலைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் சிறியது. அவ்வளவு அற்பமான ஒன்று எந்த வேதிவினையைத்தான் மாற்றிவிட முடியும்? 1978இல் கிளவுஸ் ஷூல்டன் என்ற இயற்பியலாளர் முடியும் என்றார். வலிமையால் அல்ல, தாளத்தால்.

பறவையின் விழித்திரையில் கிரிப்டோகுரோம் 4 என்று ஒரு புரதம் இருக்கிறது. அதன் மடியில் ஃபிளேவின் என்ற மூலக்கூறு. அருகே டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் நான்கு, வரிசையாக நிற்கின்றன. நீல ஒளித்துகள் ஒன்று ஃபிளேவினைத் தொட்டதும், பக்கத்து டிரிப்டோபான் அதற்கு ஓர் எலெக்ட்ரானைத் தருகிறது, அந்தக் குறையை அடுத்தது நிரப்புகிறது, அதை அதற்கடுத்தது. தீ அணைக்க வரிசையில் நின்று வாளி கைமாற்றுவதுபோல. முடிவில், இதுவரை ஜோடியாக இருந்த இரு எலெக்ட்ரான்கள் ஆளுக்கொரு மூலையில் தனியாக நிற்கின்றன.

எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். சுழலும் பம்பரம் தலையாட்டுவதுபோல் காந்தப்புலத்தில் அதுவும் தலையாட்டும். பூமியின் 50 மைக்ரோடெஸ்லா புலத்தில் நொடிக்கு ஏறத்தாழ 14 லட்சம் ஆட்டம். ஜோடியாக இருந்தவை என்பதால் இரு பம்பரங்களும் எதிரெதிராகத் தொடங்குகின்றன. ஆனால் இரண்டுக்கும் அக்கம்பக்கம் வேறு. சுற்றியுள்ள ஹைட்ரஜன், நைட்ரஜன் அணுக்கருக்களின் நுண்ணிய காந்தம் ஒவ்வொன்றின் தாளத்தையும் வெவ்வேறு விதமாக மாற்றுகிறது. அதனால் கொஞ்ச நேரம் எதிர்முகம், கொஞ்ச நேரம் ஒரே முகம், மறுபடி எதிர்முகம் என்று மாறிக்கொண்டே இருக்கின்றன. எதிர்முகமாக இருக்கும் வேளையில் எலெக்ட்ரான் வந்த வழியே வீடு திரும்பலாம். ஒரே முகமாக இருந்தால் அந்தக் கதவு அடைப்பு; புரதம் வேறு வடிவத்துக்கு மாறி நரம்புக்குச் செய்தி போக வாய்ப்பு. பூமியின் புலம் செய்வது இந்த விகிதத்தைச் சற்றே நகர்த்துவதுதான். புலத்துக்கும் புரதத்துக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பொறுத்து நகர்வும் மாறும்.

வெப்பத்தின் இடி இதைக் கலைத்துவிடாதா? கலைப்பதில்லை, இந்த இடம்தான் எனக்கு உயிர். பஸ் எவ்வளவு குலுங்கினாலும் பயணியின் கைக்கடிகாரம் தன் வேகத்திலேயே ஓடுகிறது. அதுபோல, மூலக்கூறு உதைபட்டாலும் எலெக்ட்ரானின் சுழற்சி அதைப் பெரிதாகக் காதில் வாங்குவதில்லை. ஒரு மைக்ரோநொடி தாக்குப்பிடித்தால் போதும். அதற்குள் ஓர் ஆட்டத்துக்கு மேல் ஆடி முடித்துவிடும். விழித்திரை கிண்ணம்போல் வளைந்திருப்பதால் ஒவ்வொரு பகுதியும் புலத்தை ஒவ்வொரு கோணத்தில் சந்திக்கிறது. ஆக, பறவை காந்தத்தை உணர்வதைவிட, காட்சியின் மேல் படர்ந்த மெல்லிய நிழலாகப் பார்க்கிறது என்றே இந்தக் கருத்தை ஏற்பவர்கள் கருதுகிறார்கள்.

சான்றுகள் நாலாபக்கமிருந்தும் வந்து சேர்ந்திருக்கின்றன. நீலம், பச்சை ஒளியில் சரியாகத் திசை காட்டும் ராபின், சிவப்பு ஒளியில் தடுமாறுகிறது. அதன் மூளையில் பார்வைச் செய்தியைக் கையாளும் ஒரு சிறு பகுதி பழுதானால் காந்தத் திசையறிவு போய்விடுகிறது. 2021இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ராபினின் கிரிப்டோகுரோம் 4ஐத் தனியே தயாரித்து, அது காந்தப்புலத்துக்கு அசைந்துகொடுப்பதைக் காட்டினார்கள். அது குழாய்க்குள், பூமியினுடையதைவிட மிக வலிய புலத்தில் கண்டது. உயிருள்ள கண்ணுக்குள் காட்டும் படி இன்னும் ஏற வேண்டியிருக்கிறது.

எனக்குப் பிடித்த சான்று தற்செயலாகக் கிடைத்தது. ஓல்டன்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில் ராபின்கள் திசையே காட்டவில்லை, ஆண்டுக்கணக்கில் தோல்வி. கடைசியில் பறவைகளைச் சோதித்த குடிசைகளை அலுமினியத் தகடால் மூடி, தரை இணைப்புக் கொடுத்தார்கள். பறவைகள் திசை காட்டின. இணைப்பைத் துண்டித்தால் மறுபடி குழம்பின. நகரத்து மின்கருவிகள் கசியவிடும், பழைய மத்திய அலை வானொலியின் அலைவரிசையை ஒட்டிய மின்காந்த இரைச்சல்தான் காரணம் என்று 2014இல் வெளியிட்டார்கள். மேலே சொன்ன 14 லட்சம் ஆட்டங்களும் அந்த வானொலி எல்லைக்குள்தான் விழுகின்றன.

யாருக்கும் உடனடிப் பயன் தராத ஒரு கேள்விக்கு அரை நூற்றாண்டு சம்பளம் கொடுத்த நாடுகளை நான் வணங்குகிறேன். நம் ஊரிலும் இந்தக் கேள்விக்கு அருமையான களம் இருக்கிறது. இந்தத் திசைகாட்டி வடக்கு தெற்கைப் பிரித்தறிவதில்லை. புலக்கோடு தரைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையே பார்க்கிறது. ஷெட்லாந்தில் கோடுகள் செங்குத்தை நெருங்குகின்றன. தமிழ்நாட்டின் தென்முனையிலோ காந்த நடுக்கோட்டை ஒட்டிக் கோடுகள் தரையோடு படுத்துவிடுகின்றன. அத்தகைய படுத்த புலத்தில் ராபின்கள் திசை குழம்பியதை வில்ட்ஷ்கோ தம்பதியர் 1972இலேயே காட்டினார்கள். அப்படிப்பட்ட களக்காடு முண்டந்துறைக் காட்டில்தான் பச்சை இலைக் கதிர்க்குருவி ஆண்டுதோறும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. வசந்தத்தில் அது எதை நம்பிக் கிளம்புகிறது? இதற்கு நிதி கேட்டால் "என்ன பயன்?" என்று கேட்காத ஒரு குழு நமக்கு வேண்டும்.

வாசகரின் குருவிக்கு வருகிறேன். பிறவித் திசையில் பிழை ஏற்பட்டு, போக வேண்டியதற்கு நேர் எதிராகக் கிளம்பும் குஞ்சுகள் வடமேற்கு ஐரோப்பாவை வந்தடையும் என்பது பழைய விளக்கம். காந்தப்புலமே கலங்குவதும் உண்டு: ஷெட்லாந்து மக்கள் 'மிர்ரி டான்சர்ஸ்' என்று அழைக்கும் துருவ ஒளி ஆடுவது அப்படிப்பட்ட இரவுகளில்தான். வட அமெரிக்காவில் பறவைகளைப் பிடித்துக் காலில் அடையாள வளையம் போட்டு விட்ட நீண்டகாலப் பதிவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, புலம் கலங்கிய நாட்களை ஒட்டி இடம் மாறி வரும் பறவைகள் கூடுவதைக் கண்டது.

ஆனால் எல்லாமே பிழையா? தெற்கு சைபீரியாவின் ரிச்சர்டு நெட்டைக்காலியும் இப்படி "வழி தவறிய" பறவை என்றே கருதப்பட்டது. தென் பிரான்சில் அவற்றைப் பிடித்து, போகும் வழியைப் பதியும் சிறு கருவி பொருத்தினார்கள். அவை வசந்தத்தில் சைபீரியா சென்று, கூடுகட்டி, அடுத்த குளிர்காலத்தில் அதே பிரெஞ்சுப் புல்வெளிக்குத் திரும்பி வந்தன. 2021இல் வந்த செய்தி இது. என் மஞ்சள் புருவக்காரரும் வடமேற்கு ஐரோப்பாவுக்கு முன்பைவிட ஏராளமாக வருகிறார். உடல் எடையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் கருவி சுமத்தக் கூடாது என்பது நடைமுறை. ஐந்து கிராம் பறவைக்கு அது கால் கிராம். ஃபேர் தீவில் அன்று வலைக்குள் வந்த ஒன்றின் காலில் வளையம் மட்டும் போட்டு விட்டார்கள். அன்றிரவு வானம் தெளிந்தது. காலையில் கற்சுவரில் ஒரு குருவியும் இல்லை.