ஹெப்பட்டோசெல்லுலார் கார்சினோமா: தமிழில் என்ன சொல்வது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கத்து வீடுகளில், பயாப்சி (சதைத்துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட் வந்ததும் ஆயா கேட்பார்: "என்னய்யா எழுதியிருக்கு?" பேரன் "ஈரல்ல கேன்சர் ஆயா" என்று முடித்துவிடுவான். பொய்யில்லை, ஆனால் பாதிதான். பெருங்குடலில் தோன்றி ஈரலுக்குப் பரவிய புற்றையும் நாம் அப்படித்தானே சொல்கிறோம்? ரிப்போர்ட்டில் இருக்கும் 'ஹெப்பட்டோசெல்லுலார் கார்சினோமா' என்ற இந்த நீளப் பெயர், ஈரலின் சொந்த உயிரணுவிலேயே (செல்) நோய் பிறந்தது என்று சொல்கிறது. இரண்டுக்கும் வைத்தியமே வேறு.

ஹெபார் என்றால் கிரேக்கத்தில் கல்லீரல். ஆயுர்வேதக்காரர்கள் சொல்லும் யக்ருத்தும் அதே வேரில் பிறந்ததுதான். செல்லுலா, லத்தீனில் சிற்றறை. கார்கினோஸ் என்பது நண்டு, கட்டியிலிருந்து கிளம்பும் புடைத்த நாளங்கள் நண்டுக்கால் மாதிரி இருந்ததாம் (நம்ம கடக ராசிக் கர்க்கடகமும் இதற்குச் சொந்தம்). ஓமா, கட்டி. தமிழ் நண்டை விட்டுவிட்டுக் கரையான் புற்றைப் பிடித்துக்கொண்டது, எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

சரி, அது ஈரலணுதான் என்று நோயியல் மருத்துவருக்கு எப்படித் தெரிகிறது? நல்ல ஈரலில் அணுக்கள் ஒன்றிரண்டு அடுக்குத் தகடுகளாக நிற்கும். புற்றில் மூன்று, நான்கு என்று தடித்துப்போய், அவற்றைத் தாங்கும் மெல்லிய நார்வலையும் குறைந்துவிடும். சில நேரம் அணுக்களுக்கு நடுவே பச்சையாகப் பித்தம் தெரியும். பித்தம் சுரப்பது ஈரலணுவின் வேலை என்பதால், நுரையீரலுக்குப் பரவின கட்டியில் அதைப் பார்த்தாலும் ஊர் எது என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலும் சிரோசிஸ் வந்து தழும்பேறின ஈரலில்தான் இது முளைக்கும். தென்னாப்பிரிக்கா, மொசாம்பிக் பக்கம் வேறு இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்தார்கள்: ஹெபடைடிஸ் பி வைரஸ், அப்புறம் ஈரத்தில் கிடந்த சோளத்திலும் நிலக்கடலையிலும் பிடிக்கும் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளாடாக்சின். அந்த நஞ்சு பி53 என்ற காவல் மரபணுவில் 249ஆம் இடத்தைக் கெடுக்கிறது என்பதற்கான தடயம் 1991இல் தென்னாப்பிரிக்கப் பகுதி நோயாளிகளிடமும் சீன நோயாளிகளிடமும் கிடைத்தது. 1995 முதல் இங்கே குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமாகப் போடுகிறார்கள்.

தமிழில் 'கல்லீரல் அணுப் புற்று' என்பேன். வெறும் 'ஈரல்' கறிக்கடைக்குப் போதும். நுரையீரல், மண்ணீரல் எல்லாம் இருக்கும் உடம்புக்குப் போதாது. பித்தக் குழாயில் தோன்றினால் அது பித்தநாளப் புற்று, வேறிடத்திலிருந்து வந்தால் 'கல்லீரலுக்குப் பரவிய புற்று'. பழைய ரிப்போர்ட்டில் 'ஹெப்பட்டோமா' என்று இருந்தால் பெரும்பாலும் இதே நோய்தான், பெயர் சாதுவாகத் தெரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது. 'ஹெப்பட்டோசெல்லுலார் அடினோமா' மட்டும் வேறு, அது புற்றல்லாத கட்டி. ஆனாலும் சில வகை உடைந்து ரத்தம் கசியும், சில வகை புற்றாகவும் மாறும், அதனால் டாக்டர் கண்காணிக்கச் சொல்வார்.