குளூட்டன்: "பசையில்லா உணவு"ன்னு சொல்றத முதல்ல விடுங்க

தைராய்டுக்கு மாத்திரை போடுறவங்களுக்கு வாட்சாப்புல இப்ப ஓயாம ஒரு அறிவுரை சுத்துது, "பசையம் இல்லாத உணவு சாப்பிடுங்க"ன்னு. பசையம்ங்கிறது குளூட்டனுக்கு, அதாவது கோதுமையில இருக்கிற ஒரு புரதத்துக்கு, வச்ச தமிழ்ப்பேரு. மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் டவுன்லயும் சுத்தி இருக்கிற தோட்டங்கள்லயும் இதப் படிக்கிற அக்காங்க, ஆயாங்க காதுல அது "பசை இல்லாத சாப்பாடு"ன்னுதான் விழுது. உடனே என்ன செய்றாங்க, பூலூட் அரிசிய (ஒட்டிக்கிற அரிசி) நிறுத்துறாங்க, வெண்டிக்காய நிறுத்துறாங்க, சேப்பங்கிழங்க நிறுத்துறாங்க, அப்புறம் "சப்பாத்தி காஞ்சதுதானே தம்பி, அதுல எங்க பசை இருக்கு"ன்னு ராத்திரிக்குச் சப்பாத்தி, காலையில ரவை உப்புமா. குளூட்டன் மொத்தமும் அந்த ரெண்டுலதான் இருக்கு! பூலூட்லயும் வெண்டிக்காய்லயும் ஒரு துளி கிடையாது. நான் கேட்டு அலுத்துப்போன மொழிபெயர்ப்பு இது, அதனாலதான் எழுதுறேன்.

சொல்லோட கதை சின்னது. லத்தீன்ல குளூட்டன்னா பசை, கோந்து. இத்தாலியில போலோஞா ஊர்ல பெக்காரின்னு ஒரு ஆய்வாளர், 1728ல கோதுமை மாவத் தண்ணியில கழுவிப் பிரிச்சத விளக்கினாரு, 1745ல அது அச்சுல வந்துச்சு. நீங்களும் வீட்ல செஞ்சு பாக்கலாம், பிசைஞ்ச மாவக் குழாய்த் தண்ணியில பிடிச்சிக் கசக்கிக்கிட்டே இருந்தா ஸ்டார்ச்சு வெள்ளையா ஓடிப்போயிரும், கையில மிஞ்சுறது பால்மரத்துக் (ரப்பர் மரம்) கோப்பையில இருந்து உரிச்செடுக்கிற ஒட்டுப்பால் மாதிரி இழுபடும். அதான் குளூட்டன். கிளயடின், குளூட்டெனின்னு ரெண்டு புரதம் தண்ணியோட சேர்ந்து பின்னிக்கிறது. பார்லியிலயும் ரை தானியத்துலயும் இதுக்கு உறவான புரதங்க இருக்கு, சாப்பாட்டு விஷயத்துல அதுங்களையும் குளூட்டன்னே சொல்றாங்க.

இப்ப "பசையம்"னு சொல்றவங்க வாதம் என்னன்னா, லத்தீன்லயே பசைன்னுதானே அர்த்தம், நாம நேரா தமிழாக்கினோம், இதுல என்ன தப்புங்கிறாங்க. தப்பு இருக்கு. பெக்காரி கண்ணுக்கு அது பசை மாதிரி தெரிஞ்சுது, பேர் வச்சாரு, சரி. ஆனா இன்னிக்கு அந்தப் பேர வெள்ளக்காரன் படிச்சா அவனுக்குப் பசை ஞாபகம் வராது, அது ஒரு பொருளோட பேரா மட்டும் நின்னு போச்சு. நமக்கு அப்படி இல்ல. பசைங்கிறது நம்ம வாய்ல தினமும் இருக்கிற சொல்லு, போஸ்டர் ஒட்டுறது பசை, கையில காசு இருக்கிறவன் பசையுள்ள ஆளு. அதோட வால்ல "அம்" ஒட்டினா மட்டும் யாருக்கும் கோதுமை ஞாபகம் வந்துராது. பேர் வச்சவரு எதைப் பாத்து வச்சாரோ அதை மொழிபெயர்த்துட்டு, பேர் எந்தப் பொருளைக் குறிக்குதோ அதைத் தவற விட்டுட்டாங்க.

இதுல இன்னொரு கூத்து, பூலூட் அரிசிக்கு ஆங்கிலத்துல சொல்ற "குளூட்டினஸ்"ங்கிறதும் அதே லத்தீன் வேர்தான், அங்க அது சும்மா பிசுபிசுப்புன்னுதான் அர்த்தம். பூலூட் ஒட்டுறது அதுல இருக்கிற அமைலோபெக்டின்ங்கிற ஸ்டார்ச்சால, புரதத்தால இல்ல. ஆக ஒட்டுறதுல எல்லாம் குளூட்டன் இல்ல, குளூட்டன் இருக்கிறது எல்லாம் ஒட்டுறதும் இல்ல. கிச்சாப் (சோயா சாஸ்) தண்ணியா ஓடுது, நெறைய பிராண்டுல கோதுமை சேர்த்துத்தான் புளிக்க வைக்கிறாங்க. மைலோவுல பார்லி மால்ட்டு. ஹார்லிக்ஸ்ல கோதுமையும் பார்லியும். கட்டிப் பெருங்காயத்துல கூட பல சமயம் கோதுமை மாவு கலந்திருக்கும், சாம்பார்ல அத போட்டுட்டு "பசை எதுவும் சேர்க்கல"ன்னு சொல்றது உண்மைதான், ஆனா பிரயோஜனம் இல்ல. புரட்டாசி மாசம் வாங்குற சைவ மட்டன், சைவக் கோழி இருக்கே, அதுல நெறைய வகை குளூட்டனையே கறி மாதிரி செஞ்சது! விரதம் இருந்து உடம்பச் சுத்தமா வச்சிக்கிறோம்னு நெனச்சுத் தட்டு நெறைய அதையே சாப்பிடுறாங்க, பாக்க மனசு கஷ்டமா இருக்கு.

அப்புறம் எழுத்து. தமிழ்ப்பள்ளியில படிச்ச பிள்ளைங்களுக்கு இலையில இருக்கிற பச்சையம் தெரியும். பச்சையம், பசையம், ஒரு "ச்" தான் வித்தியாசம், கைபேசி சின்னத் திரையில பாட்டி படிச்சா கீரையக் கூட நிறுத்திருவாங்க. ஒரு பாக்கெட்ல "பசையம் இலவசம்"னே போட்டிருந்தத நான் பாத்திருக்கேன், "குளூட்டன் ஃப்ரீ"ங்கிறத மெஷின் மொழிபெயர்த்ததை ஒரு மனுஷன் படிச்சிப் பாக்காம அச்சுக்கு அனுப்பியிருக்காங்க.

சரி, வேற என்ன சொல்லலாம்? "மாப்புரதம்"னு வச்சா அரிசி மாவும் உள்ள வந்துரும். "கோதுமைப் புரதம்" நெருங்கி வருது, ஆனா பார்லி தப்பிச்சுப் போயிரும், நம்ம ஊர்ல சூடு தணிய ஆயர் பார்லி (பார்லித் தண்ணி) குடிக்காதவங்க யாரு? அதனால என் முடிவு, பொருளோட பேரு குளூட்டனாவே இருக்கட்டும், இன்சுலின், வைட்டமின் மாதிரி. மலாய்க்காரங்களும் "பெபாஸ் குளுட்டன்"னுதான் போடுறாங்க. சாப்பாட்டுக்கு மட்டும் தெளிவா "கோதுமை, பார்லி, ரை சேராத சாப்பாடு"ன்னு சொல்லுங்க. படிச்ச உடனே எதை ஒதுக்கணும்னு தெரியும். எனக்குத் தமிழ்ச் சொல் மேல பற்று இல்லைன்னு யாரும் நெனைக்க வேணாம், ஆயில் பாம் மரத்துக்குச் செம்பனைன்னு நம்ம ஆளுங்க வச்ச பேரு எவ்ளோ அழகு, சொன்னா மரமும் செவந்த பழமும் கண்ணுக்கு முன்னால நிக்குது. பொருளைக் காட்டணும் சொல்லு.

அப்படிக் காட்டுற நல்ல சொல் தைராய்டு நோய்ல ஒரு வகைக்கும் இருக்கு, அத யாரும் பயன்படுத்துறது இல்லைங்கிறது அடுத்த வருத்தம். ஆட்டோஇம்யூன் நோய்க்கு "தன்னுடல் தாக்குநோய்"ன்னு பேரு, நம்ம காவல்படையே நம்ம உடம்ப அடிக்கிறது, ஒரு சொல்லுல விஷயம் முழுசும் வந்துருச்சு. ஜப்பான்ல ஹாஷிமோட்டோங்கிற டாக்டர் 1912ல நாலு பெண்களோட தைராய்டுச் சுரப்பிய ஆராய்ஞ்சு எழுதினது இந்த வகைதான், உடம்பே தன் சுரப்பிக்கு எதிரா ஆன்டிபாடி (கிருமிய எதிர்க்கச் செய்ற புரதம்) செய்யுதுன்னு 1956லதான் தெரிஞ்சுது. ஆனா இங்க எல்லார் வாய்லயும் "எதிர்ப்பு சக்தி கம்மி". கம்மின்னா ஏத்தணும்னுதானே தோணும்? உடனே எதிர்ப்பு சக்தி ஏத்துற பவுடர் வாங்கிக் குடிக்கிறாங்க. அந்தச் சக்தி கம்மியாகல, திசை மாறிப் போயிருக்கு.

கோதுமைய விட்டா தைராய்டு சரியாயிரும்னு சொல்றதுக்கும் போதுமான ஆதாரம் கிடையாது. சீலியாக்னு ஒரு குடல் நோய் இருக்கு, அதுவும் தன்னுடல் தாக்குநோய்தான், குளூட்டன் பட்டாலே சிறுகுடல் கெடும், டிக்கங்கிற டச்சு டாக்டர் 1950ல தன்னோட ஆய்வேட்டுல கோதுமைதான் காரணம்னு காட்டினாரு. சீலியாக் உள்ளவங்க ஆயுசு முழுக்க குளூட்டன ஒதுக்கணும். அந்த ஹாஷிமோட்டோ பேர்ல சொல்ற தைராய்டு நோய் உள்ளவங்கள்ல இந்தச் சீலியாக் மத்தவங்கள விட அதிகமாத் தென்படுது, அதனால டாக்டர்கிட்ட கேட்டு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கிறது நல்லது. ஆனா கோதுமைய நிறுத்துறதுக்கு முன்னாடி பண்ணணும், நிறுத்திட்டுப் போனா நோய் இருந்தும் இல்லைன்னு ரிசல்ட் வரலாம். தைராய்டு மாத்திரையையும் யாரு சொன்னாலும் நீங்களா விட்றாதீங்க.

சீலியாக்னு உறுதியானவங்க மளிகைக்கடையில பாக்கெட்டத் திருப்பிப் பாத்து "காண்டும்" (மலாய்ல கோதுமை), "பார்லி", "ரை", "மால்ட்" நாலையும் தேடுங்க. குளூட்டன் இல்லைன்னு போட்டு விக்கிறதுல கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு கோடெக்ஸ்ங்கிற சர்வதேச உணவுத் தரம் சொல்லுது, அவ்ளோ கொஞ்சம். தோசை, இட்லி, இடியாப்பம், அரிசி பீஹூன், கேழ்வரகுக் கூழு, எல்லாம் தாராளமா சாப்பிடலாம், மாவு மட்டும் கோதுமை அரைச்ச மெஷின்ல அரைக்காம பாத்துக்கோங்க. பூலூட்டும் சாப்பிடலாம்.