நிலாவெளிக்குப் போன வேனும் ஒன்பதாம் காம்பராவும்

"ஐயா, நாங்க கடலுக்குப் போனது தப்புங்களா?"

2021 ஏப்ரல் கடைசிக் கிழமை. ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கொரோனாத் தனிமைப்படுத்தல் அறிவித்தலைக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தேன். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்றுகொண்டு அந்த வீட்டு அம்மாயி கேட்டார். பேரன் பொறுக்கிக் கொடுத்த சங்கு அவர் கையில் இருந்தது. அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்துவிட்டு வந்தவர். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக எத்தனையோ கதவுகளில் அந்தத் தாளை ஒட்டியிருக்கிறேன். இந்தக் கேள்விக்குத்தான் அன்றைக்கு வாசலில் நின்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. சித்திரை விடுமுறைக்கு வேன் பேசும் ஒவ்வொரு குடும்பத்துக்காகவும் அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஏப்ரல் வந்தால் கீழ்நாட்டுச் சனம் குளிரும் பூவும் பார்க்க நுவரெலியாவுக்கு ஏறி வரும். நம் தோட்டத்துச் சனம் வேன் பிடித்துக் கீழே இறங்கும். கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும் காலம் அது. கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலை. கோணேசரைக் கும்பிட்டு, கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணற்றிலும் குளித்து, நிலாவெளிக் கடலில் இறங்கினால்தான் வருசம் பிறந்ததாகப் பல வீடுகளில் நினைப்பார்கள். வருசம் முழுக்கச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வும் பெரும்பாலும் இதுதான். அதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

2020 மார்ச் 20இல் ஊரடங்கு போட்டார்கள். அந்தச் சித்திரை, சார்வரி வருசம், கதவுக்கு உள்ளேயே பிறந்தது. அடுத்த வருசம் பிலவ பிறக்கும்போது பயணத் தடை இல்லை. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் இரண்டு வருச ஏக்கத்தையும் சேர்த்துக்கொண்டு வீடு வந்தார்கள். தடுப்பூசி ஜனவரி 29இல் தொடங்கியிருந்தும், எங்கள் பக்கத்துத் தோட்ட முதியவர்களை அது இன்னும் எட்டவில்லை. கொரோனாவின் அல்பா திரிபு நாட்டுக்குள் வேகமாகப் பரவுவது ஏப்ரல் கடைசியில்தான் தெரியவந்தது. மே 21 முதல் ஜூன் 21 வரை நாடே மறுபடி முடங்கியது.

அந்தக் குடும்பத்தின் பயணத்தை நான் தாளில் எழுதி எடுத்தேன். யார், எங்கே, யாருக்குப் பக்கத்தில், எவ்வளவு நேரம் என்று கேட்பதுதான் எங்கள் வேலை. 12ஆம் திகதி மூத்த மகன் ஒரு துணிக்கடையிலிருந்து வருகிறார். 15ஆம் திகதி விடியற்காலை பதினான்கு பேரோடு வேன் புறப்படுகிறது. தம்புள்ளை தாண்டியதும் வெயில். கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போடுகிறார்கள். உள்ளே பாட்டு, கைதட்டல், மடியில் பிள்ளைகள். இரவில் எல்லாருக்கும் இரண்டே அறை. 17ஆம் திகதி மகனுக்குத் தொண்டை கரகரக்கிறது. "ஏசி ஒத்துக்கலன்னு நெனச்சோம் ஐயா, கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தோம்." 18ஆம் திகதி ஞாயிறு அதே வேனில் திரும்புகிறார்கள். திங்கள் காலை பெண்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில்.

கடற்கரையில் அவர்கள் இருந்தது ஒன்றரை நாள். அங்கே காற்று அடித்துக்கொண்டே இருந்தது, ஆளும் பரந்து நின்றார்கள். முழுப் பயணத்திலும் ஆபத்து குறைந்த நேரம் அதுதான். மூச்சோடும் பேச்சோடும் வெளிவரும் நுண்துளிகள் மூடிய இடத்தில் மணிக்கணக்கில் தொங்கி நிற்கும். பாடினால், சத்தமாகப் பேசினால் இன்னும் கூடும். வேன் ஏசியை உள்காற்றையே சுற்றும்படி வைத்தால் பதினான்கு பேரும் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்க வேண்டியதுதான். கொரோனாவோ, அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பரவக்கூடியது. தொண்டை கரகரத்த அன்றைக்கு வேலை ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது.

பிறகு லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, அதுதான் காம்பரா. அந்த லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடவில்லை. எட்டாம் காம்பராவில் அடுப்பு மூட்டினால் ஒன்பதாம் காம்பராவில் கண் கரிக்கும். தண்ணீர் பிடிக்கும் பீலி ஒன்று, கழிப்பறை வரிசை ஒன்று. ஒன்பதாம் காம்பராவில் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார், நீண்டகால நீரிழிவு நோயாளி. 27ஆம் திகதி அவருக்குக் காய்ச்சல் கண்டது. மே இரண்டாம் கிழமையில் வைத்தியசாலையில் இறந்துபோனார். அவர் வேனில் ஏறவில்லை, அந்த வருசம் எங்குமே போகவில்லை.

அவருடைய சாவுக்கு அந்த மகனைக் குற்றவாளி ஆக்கினார்கள் சிலர். பீலிக்கு அம்மாயி குடத்தோடு வந்தபோது மற்றவர்கள் விலகி, தண்ணீர் எடுக்க விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அந்த டிவிசனில் யாரும் எங்களிடம் இருமலைச் சொல்லவில்லை. திட்டினால் நோய் ஒளிந்துகொள்ளும். ஒளிந்த நோயைத் தேடிப் பிடிப்பதற்குள் இன்னும் நாலு வீட்டுக்குப் போய்விடும். இதை நான் மனம் நொந்து எழுதுகிறேன்.

ஒளிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, காசு. வேனுக்கு முற்பணம் கட்டியாயிற்று, பதின்மூன்று பேரின் ஆசை தன் தலையில். "எனக்குக் காய்ச்சல்" என்று யார் வாய் திறப்பார்? ஆகவே வேன் பேசும் அன்றே வீட்டில் ஒன்றைப் பேசி முடித்துவிடுங்கள்: யாருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும் அவர் நிற்கலாம், அவர் பங்கை மற்றவர்கள் போடுவோம். திகதி மாற்ற முடியுமா என்று வேன்காரரிடமும் முற்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். முகக்கவசத்தை விட இந்தப் பேச்சு அதிகம் காப்பாற்றும் என்பது என் அனுபவம்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5இல் கொரோனா அவசர நிலையை முடித்துவைத்தது, வைரஸ் போய்விடவில்லை. அது மட்டுமா? இலங்கையில் இன்ஃபுளுவென்சா கூடும் காலங்களில் ஒன்று ஏப்ரல் முதல் ஜூன் வரை. சரியாக நம் விடுமுறை. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அது சாதாரணத் தடிமன் கிடையாது. வேனில் இரண்டு பக்கமும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், ஏசி ஓடினாலும் பரவாயில்லை. வயதானவர்களைத் திறந்த கண்ணாடிப் பக்கம் உட்கார வையுங்கள். திரும்பி வந்த பிறகு ஐந்தாறு நாள் உடம்பைக் கவனியுங்கள். இருமல் இருந்தால் பீலிக்குப் போகும்போதாவது முகக்கவசம் போடுங்கள். மூச்சு வாங்கினால் கொத்தமல்லியோடு காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

சடங்குகளை விடச் சொல்ல மாட்டேன். 2021இல் இன்னொரு தோட்டத்தில் பார்த்தேன்: ஒரு தாத்தா இஸ்தோப்பு வாங்கில் தட்டு வைத்து, ஒவ்வொரு வெற்றிலையிலும் காசும் பச்சரிசியும் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் படியிலிருந்தே கும்பிட்டு, ஒவ்வொருவராகக் கைவிசேஷத்தை எடுத்தார்கள். அவர் கை தூக்கி ஆசி சொன்னார். புத்தாண்டுக்குத் தலையில் வைக்கும் மருத்துநீரைக் கோவிலில் வாங்கி வந்து, அந்தந்த வீட்டுப் பெரியவரே வைத்துவிட்டார். எதுவும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அம்மாயிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: கடல் தப்பில்லை அம்மா, கண்ணாடியைத் திறந்து வைத்திருக்கலாம், மகன் தொண்டையைப் பற்றி அன்றைக்கே எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

2023 சித்திரைக்கு முதல் நாள் அந்த மகன் தொலைபேசியில் கூப்பிட்டார். "சின்னவனுக்கு இருமலும் காய்ச்சலும் ஐயா. வேனை அடுத்த கிழமைக்கு மாத்திட்டோம். அம்மாயி மட்டும் கொஞ்சம் கோவமா இருக்கு."